கதிர் பொறுக்கும் உரிமை



வேதாகமத்தில் ரூத் ஆகமம் என்றொரு சிறு நூல் உண்டு. நான்கே அதிகாரங்கள். இரவுச் செபமாலை சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் அதை வாசித்து முடித்துவிடலாம். மாமியாரைத் தனியே விட்டுப் போக மறுத்த மருமகளின் பாசத்தைப் பற்றிப் பிரசங்கங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கலியாண வீடுகளிலும் அதை எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் அந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நம்மிற் பலர் சற்றுத் தயங்குவோம். அது பாசத்தில் தொடங்கவில்லை; பஞ்சத்தில் தொடங்குகிறது.

பெத்லெகேம் என்றால் அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த அப்பத்தின் வீட்டிலே அப்பம் இல்லாமற் போயிற்று. எலிமெலேக் என்பவர் தம் மனைவி நவோமியையும் இரண்டு ஆண்மக்களையும் கூட்டிக்கொண்டு மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போனார். அவரை எவரும் வாள்கொண்டு துரத்தவில்லை. எந்த அரசனும் அவரை நாடுகடத்தவில்லை. வானம் பொய்த்தது, நிலம் கைவிட்டது, குடும்பம் எழும்பியது. போன இடத்தில் அவர் இறந்தார். மோவாபியப் பெண்களை மணந்த இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். பத்து வருடங்களுக்குப் பின் மிஞ்சியது மூன்று விதவைகள். அவர்களுள் இருவர், நவோமியும் அந்நியப் பெண்ணான ரூத்தும், வெறுங்கையோடு பெத்லெகேம் திரும்பினார்கள். அது வாற்கோதுமை அறுவடைக்காலம்.

இந்தக் கதையை இன்று நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. வானமும் கடலும் கைவிட்டதனால் ஊரைவிட்டு எழும்புகிறவர்கள் நம் காலத்தில் பெருகி வருகிறார்கள். பூமி சூடேறுகிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் மனிதர் எரித்ததனால் எழுந்த புகையே அதற்கு முக்கிய காரணம் என்று விஞ்ஞானிகள் ஐயமறக் கூறுகின்றனர். சூடேறிய கடல் நீர் விரிகிறது. பனிமலைகள் உருகிக் கடலிற் சேர்கின்றன. 1901ஆம் ஆண்டுக்கும் 2018ஆம் ஆண்டுக்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. ஒரு சாண் உயரம் என்று சொல்லுங்கள். மலையில் இருப்பவனுக்கு அது ஒன்றுமில்லை. மணற்றிட்டில் இருப்பவனுக்கு அது கிணறும் தோட்டமும் வீடும்.

நாடுகள் ஏதும் செய்யாவிட்டால், 2050ஆம் ஆண்டளவில் உலகின் ஆறு பிராந்தியங்களில் மட்டும் 21 கோடியே 60 இலட்சம் பேர்வரை தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர நேரிடலாம் என்று உலக வங்கி 2021இல் மதிப்பிட்டது. இலக்கம் பெரிதானால் மனிதர் கண்ணுக்குத் தெரியாமற் போவார்கள். ஆகவே ஒரே ஓர் ஊரைப் பார்ப்போம்.

கடல் நடுவே ஓர் ஊர்

பசுபிக் சமுத்திரத்தில், பப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்த பூகன்வில் என்னும் பெருந்தீவு இருக்கிறது. அங்கே கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். அதிலிருந்து வடகிழக்கே 86 கிலோமீற்றர் தூரத்தில் கார்ட்டெரெட் தீவுகள் என்னும் சிறு மணற்றிட்டுகள் ஒரு பவழப்பாறை வளையத்தின் மேல் கிடக்கின்றன. நெடுந்தீவுக்குப் படகேறிப் போனவர்களுக்கு ஒரு மணி நேரக் கடல் எவ்வளவு நீளம் என்பது தெரியும். இவர்களோ அதைப்போலப் பல மடங்கு தூரம் சிறு படகிலே திறந்த சமுத்திரத்தைக் கடந்தாக வேண்டும். அங்குள்ள நிலத்தின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர்தான்.

இம்மக்கள் மீனையும் தேங்காயையும் ஈரப்பலாவையும் ஒருவகைச் சேம்பங்கிழங்கையும் உண்டு வாழ்ந்தவர்கள். அவர்களிடையே நிலம் தாய்வழியாகப் பெண்களுக்கே போகும். பெருங்கடல் பொங்கி நிலத்துக்குள் புகத் தொடங்கியபின் சேம்பங்கிழங்குப் பாத்திகளில் உவர்நீர் ஏறிற்று. நன்னீர்க் கிணற்றில் உவர் ஏறினால் என்ன நடக்கும் என்பதை நம் தீவுப்பகுதி மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கு அழுகிற்று. கரையோரத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஹுவேனே என்னும் தீவைக் கடல் இரண்டாகப் பிளந்தது. கற்களால் அணை கட்டிப் பார்த்தார்கள். கண்டல் நட்டுப் பார்த்தார்கள். கடல் அவற்றையும் மீறி வந்தது.

உண்மைக்கு மாறாக எதையும் கூட்டிச் சொல்லலாகாது. கடல் உயர்வதோடு அந்த நிலமும் தானாகத் தாழ்ந்துகொண்டிருக்கலாம் என்று சொல்லும் அறிஞரும் உண்டு. ஆனால் உவர் ஏறிய பாத்தியின் அருகில் நிற்கும் தாய்க்கு அந்த விவாதத்தால் ஒரு கிழங்கும் கிடைப்பதில்லை. மோட்டார் வண்டி ஓடாத, தொழிற்சாலை இல்லாத ஊர் அது. உலகைச் சூடாக்கிய புகையில் அவர்களுடைய பங்கு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பிறர் எரித்த நெருப்பின் சாம்பல் அவர்கள் முற்றத்தில் விழுந்தது.

மூப்பர்கள் கூடினார்கள்

1980களிலேயே அரசாங்கம் சில குடும்பங்களைப் பூகன்வில்லுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றியது. ஆனால் 1988ஆம் ஆண்டின் இறுதியில் பூகன்வில்லில் உள்நாட்டுப் போர் மூண்டது. கடலுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் துப்பாக்கிக்கு அஞ்சித் திரும்பவும் கடல் நடுவே போனார்கள். ஓரிடத்திலிருந்து எழும்பி, எழும்பிப் போன இடத்திலிருந்தும் எழும்பிய அனுபவம் நம் குடும்பங்களுக்கும் உண்டல்லவா? அந்த மக்களின் மனநிலை நமக்கு விளங்கும்.

போர் ஓய்ந்தபின் மறுபடியும் திட்டங்கள் பேசப்பட்டன. வருடங்கள் ஓடின, திட்டம் கடதாசியைவிட்டு நகரவில்லை. காத்திருந்து சலித்த தீவின் மூப்பர்கள் 2006ஆம் ஆண்டில் கூடிப் பேசித் தாங்களே ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதன் பெயர் துலேலே பெய்சா. அலைகளின் மேல் நாமே நம் படகைச் செலுத்துவோம் என்பது அவர்கள் மொழியில் அதன் கருத்து. அதை நடத்தும் பொறுப்பை ஊர்சுலா ரக்கோவா என்னும் அத்தீவுப் பெண்மணியிடம் ஒப்படைத்தார்கள்.

பெயரைக் கவனியுங்கள். எங்களைத் தூக்கிவிடுங்கள் என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை. நாமே செலுத்துவோம் என்று வைத்தார்கள். எப்போது போவது, யார் முதலிற் போவது, எங்கே போவது, போனபின் எப்படிப் பிழைப்பது, விட்டுப் போகும் தீவின்மேல் தங்களுக்குள்ள உரித்து என்னாவது என்ற கேள்விகளையெல்லாம் அவர்களே எழுப்பி, அவர்களே படிப்படியாக விடைகண்டு ஒரு திட்டம் வகுத்தார்கள்.

ஆனால் காணிக்கு எங்கே போவது? பூகன்வில்லில் நிலத்தின் பெரும்பகுதி குலங்களுக்கு வழிவழியாக உரியது. அரசாங்கம் நினைத்தாலும் சும்மா எடுத்துக் கொடுத்துவிட முடியாது. அந்த வேளையிலேதான் பூகன்வில் கத்தோலிக்கத் திருச்சபை தன் கையிலிருந்த காணியை அவர்களுக்குக் கொடுத்தது. ரின்புட்ஸ் முதலிய இடங்களில் திருச்சபைக்கிருந்த நிலம் குடியேற்றத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் முதற் குடும்பங்களின் தகப்பன்மார் ஒரு சிலர் ரின்புட்ஸுக்கு வந்து காடுவெட்டி, வீடு கட்டி, தோட்டம் போட்டார்கள். பின் பெண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் இலகுவாக நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். வந்தவர்களிற் சிலர் மனம் ஒட்டாமல் தீவுக்கே திரும்பிப் போனார்கள். பணம் போதாமல் வீட்டு வேலைகள் இழுபட்டன. ஆயினும் தங்கியவர்கள் கொக்கோவும் தென்னையும் மரக்கறியும் பயிரிட்டார்கள். தீவில் இன்னும் இருக்கும் தம் உறவினருக்கு அங்கிருந்து உணவு அனுப்பினார்கள். இந்த அமைப்புக்கு 2014ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஈக்குவேற்றர் பரிசு கிடைத்தது. ஆனால் நான் பரிசைப் பெரிதாக நினைக்கவில்லை. அவர்கள் செய்த இன்னொரு காரியத்தைப் பெரிதாக நினைக்கிறேன். குடியேறுவதற்கு முன்னரே தீவின் மூப்பர்களும் இளைஞரும் பெண்களும் பெருந்தீவின் ஊர்களுக்குப் போய் அங்குள்ள மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். நாங்கள் யார், ஏன் வருகிறோம், எங்களால் உங்களுக்கு என்ன நட்டம், என்ன இலாபம் என்று மறைக்காமற் சொன்னார்கள். வரவேற்கும் ஊரின் பயத்தையும் அவர்கள் மதித்தார்கள். ஏனெனில் அந்தப் பயமும் பாவமல்ல. அங்கேயும் நிலம் அளவானது, பிள்ளைகள் பெருகிறார்கள்.

பிச்சையல்ல, பிரமாணம்

இனி ரூத்தின் வயலுக்குத் திரும்புவோம். பெத்லெகேம் வந்தபின் ரூத் என்ன செய்தாள்? அறுக்கிறவர்களின் பின்னால் போய், சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். நாம் அதைப் படத்திலே பார்க்கும்போது, ஐயோ பாவம், ஓர் ஏழைப்பெண் என்று இரங்குகிறோம். அங்கேதான் தவறுகிறோம்.

லேவியராகமத்தையும் உபாகமத்தையும் எடுத்துப் பாருங்கள். அறுவடை செய்கிறவன் வயலின் ஓரத்தை மூலைவரை அறுக்கலாகாது. தவறவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகலாகாது. அது ஏழைக்கும் அந்நியனுக்கும் விதவைக்கும் தந்தையில்லாப் பிள்ளைக்கும் உரியது என்று ஆண்டவர் கட்டளையிட்டார். இரக்கமுள்ளவன் விரும்பினாற் கொடுக்கலாம் என்று சொல்லவில்லை. அது அவர்களுடையது என்றார். ஆகவே ரூத் அந்த வயலில் இறங்கியபோது பிச்சைக்காரியாக இறங்கவில்லை. கர்த்தர் தனக்கு எழுதிவைத்த உரித்தைப் பெற இறங்கினாள். போவாஸ் நல்ல மனிதர். பிரமாணம் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தார். ஆனால் அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தாலும் அந்தக் கதிர் ரூத்துக்கே உரியது.

அக்கட்டளைக்கு ஆண்டவர் சொன்ன காரணம் இன்னும் ஆழமானது. நீயும் ஒருகாலம் எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்றார். உன் நினைவே உன் பிரமாணம் என்பதுபோல.

தருமமும் நீதியும் இரண்டு சகோதரிகள். ஆனால் அக்காவுக்குரிய ஆசனத்தில் தங்கையை இருத்திவிட்டு, கடமை முடிந்தது என்று நாம் வீடு திரும்பிவிடுகிறோம். ஒரு மூடை அரிசியும் பழைய உடுப்பும் கொடுத்தபின், இவர்களுக்கு இனி என்ன வேண்டும் என்று கேட்கிறோம். அவர்களுக்கு வேண்டியது ஓர் உறுதி எழுதிய காணி. பிள்ளைக்குப் பாடசாலை. தங்களைப் பற்றித் தீர்மானிக்கும் கூட்டத்திலே தங்களுக்கும் ஓர் ஆசனம். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1967ஆம் ஆண்டில் எழுதிய மக்கள் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலிலே, பிறருக்கு அத்தியாவசியமானது இல்லாதபோது தன் தேவைக்கு மிஞ்சியதைத் தனக்கென்றே வைத்திருக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்ற கருத்தை வலியுறுத்தினார். அது சபையின் பிதாக்கள் ஆதியிலிருந்தே கற்பித்ததுதான்.

ஊர் வாசலில் பத்துப் பேர்

ரூத் ஆகமத்தின் கடைசி அதிகாரத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அது நீதிமன்றம் போன்ற ஒரு காட்சி. நவோமியின் கணவருக்குரிய காணியை மீட்கும் கடமை மிகக்கிட்டிய உறவினன் ஒருவனுக்கு இருந்தது. போவாஸ் ஊர் வாசலில் உட்கார்ந்து, மூப்பர் பத்துப் பேரைச் சாட்சிக்கு அழைத்து, அந்த உறவினனிடம் பகிரங்கமாகக் கேட்டார். காணியை மீட்கிறேன் என்று அவன் உடனே சம்மதித்தான். காணியோடு ரூத்தையும் ஏற்று இறந்தவனின் பெயரை நிலைநிறுத்த வேண்டும் என்றதும் பின்வாங்கினான். தன் சொந்த முதுசத்துக்குப் பங்கம் வரும் என்றான். காணி வேண்டும், காணிக்குரிய விதவை வேண்டாம்.

உலகத்தின் ஊர் வாசலிலும் இதுவே நடக்கிறது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை, இனம், மதம், நாட்டினம், சமூகப்பிரிவு, அரசியற் கொள்கை என்பவற்றின் காரணமாகத் துன்புறுத்தலுக்கு அஞ்சி ஓடுகிறவரையே அகதி என்கிறது. கடல் துரத்தினால் அந்தச் சொல் பொருந்தாது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட லவுதாத்தோ சீ என்னும் சுற்றுமடலிலே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, இவர்கள் சட்டத்தின் பாதுகாப்பு ஏதுமின்றி விடப்பட்டுள்ளதை எண்ணி வருந்தினார். 2021இல் உரோமாபுரியின் குடியேறுவோர், அகதிகள் பிரிவு இவர்களைப் பராமரிப்பதற்கென்றே மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது.

நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோர் பற்றி ஐக்கிய நாடுகள் சபையில் 1998இல் சமர்ப்பிக்கப்பட்ட வழிகாட்டும் கோட்பாடுகள் இயற்கை அனர்த்தத்தால் எழும்பியவரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆயினும் அவை அரசுகளைக் கட்டிப்போடும் உடன்படிக்கையல்ல. கிரிபட்டித் தீவைச் சேர்ந்த ஒருவரை நியூசிலாந்து திருப்பி அனுப்பிய வழக்கில், ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு வெளியிட்ட தீர்மானம் 2020 சனவரியில் தெரியவந்தது. அந்த மனிதருக்கு அது வெற்றி தரவில்லை. ஆனால் காலநிலையால் உயிருக்கே ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகலாம் என்ற கோட்பாட்டை அது ஏற்றுக்கொண்டது. வாசல் திறக்கவில்லை, ஆனால் தாழ்ப்பாள் சற்று அசைந்தது.

அதை அசைப்பவர்கள் யார்? பெரும்பாலும் சிறியவர்கள். 2019ஆம் ஆண்டில் தென்பசுபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் 27 பேர், காலநிலை பற்றிச் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தங்கள் வகுப்பறையில் எண்ணங் கொண்டார்கள். வனுவாத்து என்னும் சிறிய தீவு நாடு அதைக் கையேற்றது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதை ஏகமனதாக ஏற்றது. 2025 யூலை 23ஆந் திகதி ஹேக் நகரின் நீதிமன்றம், காலநிலையைப் பாதுகாப்பது அரசுகளின் சட்டபூர்வமான கடமை என்று தன் ஆலோசனைக் கருத்தைக் கூறிற்று. வகுப்பறையில் இருந்த பிள்ளைகள் உலகத்தின் மூப்பர்களை ஊர் வாசலுக்கு அழைத்து உட்காரவைத்தார்கள்!

பனாமா நாட்டின் குணா என்னும் ஆதிக்குடி மக்களும் அப்படியே செய்தார்கள். கார்டி சுக்துப் என்னும் நெருக்கமான சிறு தீவில் இருந்த அவர்கள் 2010ஆம் ஆண்டளவில் தாங்களே கூடித் தீர்மானித்து, பெருநிலத்தில் தங்கள் சமூகத்துக்குரிய காணியைப் புதிய ஊருக்கென ஒதுக்கினார்கள். வாக்குறுதிகள் பல வருடம் இழுபட்டன. அவர்கள் விடாது கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். 2024இல் ஏறத்தாழ 300 வீடுகளின் திறப்புகள் அவர்கள் கைக்கு வந்தன. நீதியற்ற நடுவனிடம் இடைவிடாது போய் நின்ற விதவையைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை ஞாபகம் வருகிறதல்லவா?

நம் சொந்த வாசலில்

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள்.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்து லயன் அறைகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்னரே வந்திருந்தது. எழும்பிப் போங்கள் என்று சொல்வது இலகு; எங்கே போவது? அந்தத் தேயிலையை நூறு வருடத்துக்கு மேலாக வளர்த்த மக்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு பரப்புக் காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோதும் மலைநாட்டின் சரிவுகள் மறுபடியும் இடிந்து வீழ்ந்தன. நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஒரு புயலைக் காட்டி இதற்குக் காலநிலை மாற்றம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சூடேறிய கடலும் காற்றும் அதிக நீரைச் சுமந்து பெருமழையாய்ப் பொழிகின்றன என்பதை அறிவோம். மழை எல்லார்மேலும் பெய்கிறது. மண் சரிவதோ பெரும்பாலும் உறுதியில்லாதவன் வீட்டின் மேல்.

கடலோர மக்களுக்கும் ஒரு படிப்பினை உண்டு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை பூமியதிர்ச்சியால் வந்தது, காலநிலையால் அல்ல. ஆனால் அதன்பின் கடற்கரையிலிருந்து தெற்கே 100 மீற்றரும் வடக்குக் கிழக்கில் 200 மீற்றரும் வீடு கட்டலாகாது என்று அறிவித்தபோது, கரைவலை இழுப்பவனிடம் யாராவது கேட்டார்களா? பின்னர் அதைத் தளர்த்த வேண்டி வந்தது. மக்களைக் கேளாமல் மக்களுக்காகத் தீர்மானிப்பது நல்லெண்ணத்தோடு செய்தாலும் அநியாயமாக முடியும்.

இன்னும் கிட்டப் போவோம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களிற் சிலர் கால் நூற்றாண்டுக்கு மேல் நலன்புரி நிலையங்களிலே காலங்கழித்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு யாழ்ப்பாணத்திலிருந்து மழையிலே நடந்தவர்களுள் இதை வாசிக்கும் நீங்களும் இருக்கலாம். அப்போது தென்மராட்சியில் முன்பின் அறியாத ஒரு வீட்டார் தங்கள் திண்ணையை ஒதுக்கித் தந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கிணற்றில் அள்ளவிடாத இன்னொரு வீட்டையும் மறந்திருக்கமாட்டீர்கள். எகிப்தை நினைத்துக்கொள் என்று இஸ்ராயேலுக்குச் சொன்ன ஆண்டவர் நமக்கு எந்த இரவை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்பதை நான் விளக்க வேண்டுமா?

அப்படியிருந்தும் நம் வாயிலே "வந்தான் வரத்தான்" என்ற சொல் இன்னும் சாகவில்லை. புதிதாய் வந்த குடும்பத்தின் பிள்ளை பங்கின் பாடகர் குழாத்தில் சேரக் கேட்டால், எந்த ஊர், எந்த ஆட்கள் என்ற கேள்வி முதலில் எழுகிறது. சாதியும் சீதனமும் பார்க்கும் கண்ணுக்கு எழும்பி வந்தவன் எப்போதும் அரை மனிதன். ரூத் மோவாபியப் பெண். மோவாபியரைச் சபையிற் சேர்க்கலாகாது என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. ஆனால் அந்த வரத்தாளின் பேரன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது. நற்செய்தியாளர் புனித மத்தேயு நம் ஆண்டவரின் வம்சவரலாற்றை எழுதும்போது அவள் பெயரை விட்டுவிடவில்லை. பெத்லெகேம் அன்று அவளுக்குக் கதிரை மறுத்திருந்தால், பிற்காலத்தில் அங்கே பிறக்கவிருந்த பாலகனின் வம்சத்தில் அவளுக்கு இடம் எங்கே?

நாம் செய்யக்கூடியது

அன்பார்ந்தவர்களே, கடலைத் தடுக்க நம்மால் முடியாது. ஆனால் மூன்று காரியங்களை ஒவ்வொரு பங்கும் செய்யலாம்.

முதலாவது, உங்கள் பங்கிலே கடல் அரிக்கும் கரையிலும் வெள்ளம் நிற்கும் பள்ளத்திலும் மண் சரியக்கூடிய மலையடியிலும் இருக்கும் குடும்பங்கள் எவை என்று பாருங்கள். போய் அவர்களோடு உட்காருங்கள். அவர்களிடம் பிறப்புச் சான்று, அடையாள அட்டை, காணி உறுதி உண்டா? இல்லையேல் எழுதப் படித்தவர்கள் அவர்களோடு பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் கூடப் போங்கள். ஒரு நாட்கூலியை இழக்கும் அந்த ஏழைக்குத் துணையாக ஒருவர் அருகில் இருப்பது ஒரு மூடை அரிசியைவிடப் பெரிது. மரியாயின் சேனையும் வின்சென்ற் தே போல் சபையும் இளைஞர் மன்றமும் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அக்குடும்பங்களே கூடிப் பேச இடங்கொடுங்கள். கோவில் மண்டபம் இருக்கிறது. அவர்களுக்காக நாம் பேசுவதிலும், அவர்கள் பேசுவதற்கு நாம் கதிரை போடுவது மேல். துலேலே பெய்சாவை நடத்தியவர்கள் பட்டணத்துப் பெரியவர்களல்லர். கிழங்கு நட்ட கைகள்தான்.

மூன்றாவது காரியம் சொல்லக் கடினமானது. சொல்லாமலும் விட முடியாது. பூகன்வில் திருச்சபை தன் காணியைக் கொடுத்தது. நம்மிடமும் காணிகள் உண்டு. நம் முன்னோர் கோவிலுக்கு நேர்ந்து எழுதிய தென்னந்தோப்புகளும் பற்றைபிடித்த வளவுகளும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உண்டு. எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வயலை மூலைவரை அறுக்கவேண்டாம் என்றுதான் ஆண்டவரும் சொன்னார். நம்முடைய வயலின் ஓரம் எது என்று ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு பங்குச் சபையும், குருக்களாகிய நாங்களும் ஆண்டவர் முன்னிலையில் முழந்தாளிட்டுக் கேட்போம். அந்தக் கிட்டிய உறவினனின் பெயரை வேதாகமம் நமக்குச் சொல்லவில்லை. தன் முதுசத்தைக் காக்க நினைத்தவனின் பெயர் மறைந்து போயிற்று. விதவையையும் ஏற்றுக்கொண்டவனின் பெயர் இன்றும் வாசிக்கப்படுகிறது.

இன்றிரவு செபமாலை முடிந்தபின் ரூத் ஆகமத்தின் நான்கு அதிகாரங்களையும் பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். அதன்பின், நம் வீட்டார் எழும்பி நடந்த நாளின் கதையை வீட்டிலுள்ள மூத்தவர் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். இரண்டையும் ஒரே இரவிலே கேட்ட பிள்ளை, நாளைக்கு வாசலில் ஓர் அந்நியன் வந்து நின்றால், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன் தண்ணீர் கொண்டுவரும்.

எகிப்துக்கு எழும்பிப் போன திருக்குடும்பத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பரே, கடலாலும் மலையாலும் வெளியேற்றப்பட்ட எல்லாக் குடும்பங்களையும் உம் கையிற் பிடித்து நடத்தும். அவர்களுக்குரியதை அவர்களுக்குக் கொடுக்கும் மனத்தை எங்களுக்கு மன்றாடிப் பெற்றுத் தாரும். ஆமென்.